பென் டிரைவோடு ஒரு துண்டுச்சீட்டு: கணினி உதவியைக் கேட்கவும் கொடுக்கவும்

புதிதாகக் கணினி வாங்கியவர்களுக்கும், கோவில் தமிழ் வகுப்புக்காகவோ சங்க வேலைக்காகவோ திடீரென்று கணினி முன்னால் உட்கார வேண்டி வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கே மியான்மரில், யாங்கோனில் மின்சாரம் முறை வைத்து வருகிறது. மொபைல் டேட்டாவில் 300 எம்பி மென்பொருளை இறக்கினால் கையைக் கடிக்கிறது. பாதியில் மின்சாரம் போய்விட்டால் சில சமயம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒருவர் இறக்கியதை இன்னொருவர் பென் டிரைவில் வாங்கிக்கொள்கிறோம். பெகுவில் இருப்பவர் மோல்மீனில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்கிறார். நல்ல வழக்கம்தான். ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒன்றே ஒன்று விட்டுப்போகிறது: எழுத்து. கோப்பைக் கொடுத்தாலும் சரி, கோளாறைச் சொன்னாலும் சரி, கூடவே எழுத்தில் ஒரு குறிப்பு போக வேண்டும். இதை நான் பிடிவாதமாகவே சொல்கிறேன்.

உதவி கேட்பது எப்படி

“அண்ணா, கம்ப்யூட்டர் ஓடவில்லை, என்ன செய்யலாம்?” இப்படி வைபரில் வரும் செய்திக்கு எவ்வளவு கெட்டிக்காரராலும் பதில் சொல்ல முடியாது. மின்விசிறி சுற்றவில்லையா, திரை வரவில்லையா, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் நிற்கிறதா? ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்.

கேட்பதற்கு முன் முதலில் உங்கள் கணினியைத் தெரிந்துகொள்ளுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம் என்பதற்குள் போய், கடைசியில் இருக்கும் அபௌட் பக்கத்தைத் திறங்கள். விண்டோஸ் எந்தப் பதிப்பு, 64 பிட்டா 32 பிட்டா, ரேம் எவ்வளவு, பிராசஸர் எது என்று எல்லாம் அங்கே இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே இதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். ஓடாதபோது அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது.

அடுத்தது பிழைச் செய்தி. அதை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லாதீர்கள். ஆங்கிலம் சரியாக வராது என்று கூச்சப்பட்டு, “ஏதோ மெமரி என்று வந்தது” என்று சொல்லிவிடுகிறார்கள். திரையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் அப்படியே அனுப்புங்கள். விண்டோஸ் பொத்தானையும் பிரின்ட் ஸ்கிரீன் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திரையில் தெரிவது ஒரு படமாக பிக்சர்ஸ் கோப்புறையில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் சேமிக்கப்படும். கணினியே நின்று நீலத் திரை வந்துவிட்டால் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். அந்தத் திரையின் அடியில் ‘ஸ்டாப் கோட்’ என்று இருக்கும் வரி தெளிவாகத் தெரிந்தால் போதும்.

மூன்றாவது, கடைசியாக எப்போது சரியாக ஓடியது, அதற்கும் இதற்கும் நடுவில் என்ன நடந்தது என்பது. நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பாதி நேரம் விடை மின்வெட்டுதான். அதை ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று ஒன்று வரும். அதில் நாள்வாரியாக ஒரு வரைபடம். கோளாறு நடந்த நாட்களில் சிவப்புக் குறி. அந்த நாளைத் தொட்டால் எந்த நிரல் எத்தனை மணிக்கு விழுந்தது, விண்டோஸ் முறையாக அணைக்கப்படாமல் எப்போது நின்றது என்று அடியில் வரிசையாகக் காட்டும். உங்கள் நிரல் முதன்முதலில் விழுந்த நேரத்துக்குச் சற்று முன்னால் ‘முறையாக அணைக்கப்படவில்லை’ என்ற வரி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். கணினியோடு வரும் கருவிகளில் இதைப் போல் பயனுள்ளதும் இதைப் போல் கவனிப்பாரற்றுக் கிடப்பதும் வேறில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்தால், கடிதமும் கணக்கும் எழுத உதவும் இலவச நிரலான லிப்ரேஆபீஸ் திறக்காதபோது அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்:

“அக்கா, என்னுடையது மேசைக் கணினி. விண்டோஸ் 10, 64 பிட், ரேம் 4 ஜிபி. நேற்று மாலை வரை லிப்ரேஆபீஸ் நன்றாகத் திறந்தது. அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. இன்று காலை திறந்தால் அதன் சின்னம் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. மற்ற நிரல்கள் எல்லாம் திறக்கின்றன.”

இதைப் படித்ததும் விஷயம் தெரிந்தவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நிரல் தன் சொந்த அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பு, மின்சாரம் போன நேரத்தில் பழுதாகியிருக்கலாம்.

பதில் சொல்கிறவருக்கு

ஒரு நேரத்தில் ஒரு படி. மேலே உள்ள செய்திக்கு நல்ல பதில் இது: “தம்பி, ஸ்டார்ட் மெனுவில் லிப்ரேஆபீஸ் பெயருக்குப் பக்கத்தில் சேஃப் மோட் என்று போட்ட ஒன்று தனியாக இருக்கும். அதைத் திற. ஒரு பெட்டி வரும். அதில் வேறு எதையும் தொடாமல் ‘கன்டினியூ இன் சேஃப் மோட்’ என்ற பொத்தானை மட்டும் அழுத்து. திறந்ததா இல்லையா என்று சொல்.” திறந்தால் சந்தேகம் உறுதியாகிறது. அடுத்த முறை அதே பெட்டியில், முன்பு சேமித்த அமைப்புக்குத் திரும்பும் வழியையோ, எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் வழியையோ தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். எழுதிய ஆவணங்கள் இதில் அழிவதில்லை என்பதையும் சொல்லுங்கள். புதியவருக்கு அந்தப் பயம்தான் பெரிது.

எடுத்த எடுப்பில் “ஃபார்மட் செய்துவிடு” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாணப் படங்களும் பிள்ளைகளின் பாடங்களும் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன என்பதை நினைக்க வேண்டும். கோப்புகள் இருக்கும் வட்டில் (ஹார்ட் டிஸ்கில்) பழுது என்ற சந்தேகம் வந்தால் எதையும் சரிசெய்யப் போகும் முன் கோப்புகளை வெளியே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். வட்டின் நிலையைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சிறிய நிரல் போதும். நீலம் காட்டினால் நலம். மஞ்சள் என்றால் அன்றே பிரதி. சிவப்பு என்றால் பிரதி எடுப்பதைத் தவிர வேறு எந்த வேலைக்கும் அதைத் தொடாதீர்கள்.

சரியானதும் கேட்டவர் ஒரு வரி எழுத வேண்டும்: எந்தப் படியில் சரியானது என்று. உங்கள் தெருவிலோ சங்கத்திலோ கணினி வைத்திருப்பவர்கள் பொதுவாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டால் நல்லது. இடப்பக்கம் பிழைச் செய்தி, திரையில் வந்த மொழியிலேயே. வலப்பக்கம் தீர்வு, தமிழில். அடுத்த மின்வெட்டுக்கு அடுத்த வீட்டில் அதே கோளாறு வரும்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது

மென்பொருளைக் கைமாற்றுவது தனிக்கணினி தோன்றிய நாளிலிருந்தே இருக்கிறது. அதைப் பற்றிய சண்டையும் அப்படித்தான். 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட கடிதத்தில் பில் கேட்ஸ், தன் பேசிக் நிரலைக் காசு கொடுக்காமல் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கணினி ஆர்வலர்களைக் கடுமையாகச் சாடினார். 1982இல் ஐபிஎம் ஊழியர் ஒருவர், ஜிம் பட்டன் என்ற பெயரில், வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். பிசி-ஃபைல் என்ற தன் நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பு வைத்தார்: பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள், பயன்பட்டால் எனக்குச் சிறிது பணம் அனுப்புங்கள் என்று. அதே காலத்தில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவரும் பிசி-டாக் நிரலை இதே முறையில் வெளியிட்டார். நிரலோடு சேர்ந்தே பயணம் செய்த அந்தக் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வாங்குகிறவருக்கு எந்த மயக்கமும் இல்லை.

இன்று நமக்கு வேலை இன்னும் எளிது. லிப்ரேஆபீஸ், படமும் பாட்டும் ஓட்டும் விஎல்சி, உலாவியான ஃபயர்ஃபாக்ஸ், கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் ஆகியவற்றை அவற்றை உருவாக்கியவர்கள் வெளியிட்டபடியே, எதையும் மாற்றாமல், யாருக்கு வேண்டுமானாலும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு நிரலை இலவசமாக இறக்கலாம் என்பதும், இறக்கியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்பதும் ஒன்றல்ல. சந்தேகம் வந்தால் நிரலோடு வரும் உரிமக் கோப்பைப் படியுங்கள்.

பூட்டை உடைத்த மென்பொருளையும், ‘ஆக்டிவேட்டர்’ என்று சுற்றும் சின்ன நிரல்களையும் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவற்றில் பல, நிறுவும் முன் வைரஸ் தடுப்பை நிறுத்தி வைக்கச் சொல்கின்றன. வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள் என்று ஒருவர் சொன்னால் கேட்போமா? இணையத் தடைகளைத் தாண்டப் பயன்படும் விபிஎன் விஷயத்திலும் எச்சரிக்கையாக இருங்கள். 2025 ஜனவரி 1 அன்று இங்கே இயற்றப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியில்லாமல் விபிஎன் சேவை அமைத்துத் தருவதைக் குற்றமாக்கியிருக்கிறது. உதவி செய்யப்போய் ஒருவர் வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கொடுக்கும் முன் நான்கு வேலைகள்

ஒன்று: முழு நிறுவியை இறக்குங்கள். உலாவி போன்ற சில நிரல்களின் தளத்தில் முதலில் கிடைப்பது ஒரு சின்னக் கோப்பு. அதை ஓட்டும்போதுதான் மீதியை இணையத்திலிருந்து இழுக்கும். இணையம் இல்லாத வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்ப் பயனில்லை. ‘ஆஃப்லைன்’ என்று குறிப்பிட்டிருக்கும் பெரிய கோப்பைத் தேடி எடுங்கள். உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

இரண்டு: கையொப்பத்தைப் பாருங்கள். நிறுவிக் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் வெளியிட்டவரின் பெயர் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் மொசில்லா, லிப்ரேஆபீஸ் என்றால் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன். வேறு பெயர் இருந்தால் அதை அழித்துவிடுங்கள். எல்லா நல்ல நிரலிலும் இந்தக் கையொப்பம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாதபோது மூன்றாவது வேலை கைகொடுக்கும்.

மூன்று: கோப்பின் கைரேகையை எடுங்கள். கணினியில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, சிஆர்சி எஸ்எச்ஏ என்ற இடத்தில் எஸ்எச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் போக வேண்டியிருக்கலாம். 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான வரிசை வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்த வரிசை முற்றிலும் வேறாகிவிடும். உருவாக்கியவர்களின் தளத்தில் இருக்கும் வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வரிசையை வாங்குகிறவருக்கு வைபரில் தனியாக அனுப்புங்கள். நெடுந்தூர பஸ்ஸில் பொட்டலமாகப் போகும் பென் டிரைவில் கோப்பு பழுதாகியிருந்தாலும், யாராவது மாற்றியிருந்தாலும், அவர் அங்கே கணக்கிட்டுப் பார்க்கும்போது தெரிந்துவிடும். இதைச் செய்யச் சில வினாடிகளே ஆகும். செய்யாமல் விடுவதற்கு நான் எந்தக் காரணத்தையும் ஏற்கமாட்டேன்.

நான்கு: துண்டுச்சீட்டு. நிரலின் பெயர், பதிப்பு எண், எந்த விண்டோஸுக்கு, எந்தத் தளத்திலிருந்து எந்தத் தேதியில் இறக்கியது, பிறருக்குக் கொடுக்கலாமா, 64 எழுத்துக் கைரேகை. இவற்றை ஒரு நோட்பேட் கோப்பில் எழுதி நிரலின் பக்கத்திலேயே வையுங்கள். தேதி முக்கியம். ஓராண்டுக்கு முந்தைய உலாவியைப் புதியது என்று நினைத்து நிறுவிக்கொண்டால், இடையில் அடைக்கப்பட்ட ஓட்டைகள் எல்லாம் அந்த வீட்டில் திறந்தே கிடக்கும்.

4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை பென் டிரைவ் ஏற்க மறுத்தால், அதில் இடமில்லை என்று பொருளல்ல. ஃபேட்32 முறையில் அமைந்த டிரைவ் அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.

பிறர் பென் டிரைவைச் செருகும்போது

கைமாறும் வட்டு வழியாக நோய் பரவுவது பழைய கதை. 1986இல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ் ஃபிளாப்பி வட்டுகளில் ஏறி உலகம் சுற்றியது. இப்போது நாம் அடிக்கடி பார்ப்பது ஷார்ட்கட் வைரஸ். டிரைவைத் திறந்தால் கோப்புறைகள் எல்லாம் அதே பெயரில், ஆனால் மூலையில் சின்ன அம்புக்குறியோடு நிற்கும். அவை கோப்புறைகள் அல்ல. இரட்டைக் கிளிக் செய்தால் கோப்புறையும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். அதனால்தான் பலருக்குத் தெரிவதே இல்லை.

இப்படிச் செய்யுங்கள். செட்டிங்ஸில் ஆட்டோபிளே வசதியை நிறுத்தி வையுங்கள். டிரைவைச் செருகியதும் எதையும் திறக்காமல், அதன் சின்னத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரைக் கொண்டு சோதியுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் குறியையும் எடுத்துவிடுங்கள். முதலாவதை மட்டும் செய்தால் போதாது. இந்த வைரஸ் உண்மையான கோப்புறைகளைச் சிஸ்டம் கோப்பு என்று குறித்துத்தான் மறைக்கிறது. இப்போது அவை மங்கலாகத் தெரியும். உள்ளே போய், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் கணினியில் புதிய கோப்புறைக்குப் பிரதி எடுங்கள். நிரல்களை எடுக்காதீர்கள். பிறகு டிரைவை ஃபார்மட் செய்து, ஆவணங்களைத் திரும்பப் போடுங்கள். டிரைவின் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள். அவர் கணினியிலும் வைரஸ் இருக்கக்கூடும். இணையம் இல்லாத கணினிக்காக டிஃபெண்டரின் புதுப்பிப்புக் கோப்பை மைக்ரோசாஃப்ட் தனியாகவும் தருகிறது. அதை இறக்கி எடுத்துப் போனால் பெரிய உபகாரம்.

ஒரே கணினியில் மூன்று எழுத்து

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இல்லாத சிக்கல் ஒன்று நமக்கு உண்டு. தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் ஒரே ஆவணத்தில் வரும். தீமிதி அழைப்பிதழை எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே தமிழ், நடுவில் பர்மிய முகவரி, அடியில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல்.

தமிழில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பாமினி என்று அடையாளம் காண ஓர் எளிய வழி: சொற்களுக்கு நடுவில் ஆங்கில அரைப்புள்ளி நிறைய இருக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அது அந்தக் குறியைத்தான் பயன்படுத்துகிறது. லிப்ரேஆபீஸில் திறந்து எழுத்துருப் பெட்டியைப் பார்த்தால் பெயரே இருக்கும். கணினியில் இல்லாத எழுத்துரு என்றால் பெயர் சாய்ந்த எழுத்தில் நிற்கும். கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். உண்மையிலேயே ஆங்கிலமாக இருந்த மின்னஞ்சல் முகவரியையும் அந்த மாற்றி நிரல் தமிழாக நினைத்துக் குழப்பியிருக்கும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

பர்மியத்தில் இதே கதை ஜாஜி எழுத்துருவால் வந்தது. 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடுக்கு மாறியது. ஆனாலும் பழைய ஜாஜி கோப்புகள் மறைந்துவிடவில்லை. நம் ஒற்றைக்கொம்பு போல, பர்மியத்திலும் மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் உயிர்க்குறி உண்டு. யூனிகோடில் அது மெய்யெழுத்துக்குப் பிறகு சேமிக்கப்படுகிறது. ஜாஜியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே முன்னால் சேமிக்கப்படுகிறது. அதனால் ஜாஜியில் எழுதியதை யூனிகோட் எழுத்துருவில் பார்த்தால் அந்தக் குறி புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். அந்த வட்டங்களைக் கண்டால் எழுத்துருவை மாற்றிச் சமாளிக்காதீர்கள், உரையையே யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குச் சரியாகத் தெரிவது அச்சகத்தில் சிதறும்.

தட்டச்சுக்குத் தனி மென்பொருள் தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸில் மொழிகள் பகுதியில் தமிழையும் பர்மியத்தையும் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையும் பர்மிய விசைப்பலகைகளும் கிடைக்கும். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ்பார் அழுத்தினால் மொழி மாறும். பிறரோடு பகிர நோட்டோ சான்ஸ் தமிழ், பர்மியத்துக்கு படௌக் ஆகிய எழுத்துருக்களை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் யாருக்கும் கொடுக்கக்கூடிய திறந்த உரிமத்தில் உள்ளவை.

தொலைவிலிருந்து உதவி

விண்டோஸில் உள்ள குவிக் அசிஸ்ட் வழியாக ஒருவர் உங்கள் திரையைப் பார்க்கவும் இயக்கவும் முடியும். உதவி செய்பவர் தரும் குறியீட்டை நீங்கள் அதில் தட்ட வேண்டும். நேரில் பழகியவர் தந்த குறியீட்டை மட்டும் தட்டுங்கள். அவர் வேலை செய்து முடிக்கும்வரை திரைமுன்னாலேயே இருங்கள். கைபேசிக்கு வரும் ஓடிபியை உதவி செய்பவர் யாரும் கேட்கத் தேவையில்லை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உள்ள ஓரளவு புதிய கணினிகளையே ஏற்கும். இரண்டாம் கையாக வாங்கிய பல கணினிகள் இதில் தேறாது. அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை முயன்று பாருங்கள். 64 பிட் கணினியும் 4 ஜிபி ரேமும் இருந்தால் நன்றாகவே ஓடும். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பகிர்வதற்குத் தடையே இல்லை.

ஏறத்தாழ 3 ஜிபி கோப்பு அது. ஒருவர் இறக்கினால் தெருவுக்கே போதும். வென்டாய் என்ற நிரலைக் கொண்டு பென் டிரைவைத் தயார் செய்யுங்கள். அப்போது டிரைவில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். அதனால் காலி டிரைவாக எடுங்கள். பிறகு அந்த 3 ஜிபி கோப்பைச் சாதாரணமாகப் பிரதி எடுத்துப் போட்டால் போதும். கணினியை அதிலிருந்து தொடங்கினால், எதையும் நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரின்டர் அச்சிடுகிறதா, தமிழும் பர்மியமும் தட்ட முடிகிறதா என்று நான்கையும் சோதியுங்கள். பிடித்திருந்தால் உங்கள் கோப்புகளை வெளி டிரைவில் பிரதி எடுத்து, அது வேறொரு கணினியில் திறக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே நிறுவத் தொடங்குங்கள். அன்று உங்கள் வட்டாரத்துக்கு மின்சாரம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று பார்த்து, வந்தவுடன் ஆரம்பியுங்கள். மேசைக் கணினி என்றால் யாரிடமாவது யுபிஎஸ் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.